எம்ஜிபி ரோட்ஸ்டர்: பிரேக்கை மிதித்தால் ஆக்சிலரேட்டரும் சேர்ந்து அமுங்குகிறது

சூலூர்க்காரன்

வணக்கம். வண்டி 1965ஆம் ஆண்டு எம்ஜிபி ரோட்ஸ்டர், பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார். 1798 சிசி, இரட்டை எஸ்யூ கார்புரேட்டர், வலப்பக்க ஸ்டியரிங், பிரேக்குக்கு சர்வோ (மிதிக்கும் பலத்தைக் கூட்டித் தரும் கருவி) கிடையாது. தோட்டத்துச் சாளையில் தார்ப்பாய்க்கு அடியில் நெடுங்காலம் கிடந்தது. எஞ்சின் வேலை முடிந்து இப்போதுதான் வெளியே தலைகாட்டத் தொடங்கியிருக்கிறது.

சிக்கல் பெடலில். வால்பாறையிலிருந்து ஆழியாற்றுக்கு இறங்கும்போது கொண்டை ஊசி வளைவில் பிரேக்கை அழுத்தி மிதித்தால், ஷூவின் வலது ஓரம் ஆக்சிலரேட்டரையும் சேர்த்து அமுக்கிவிடுகிறது. வேகம் குறைய வேண்டிய இடத்தில் எஞ்சின் உறுமுகிறது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் மனைவி சொன்னதை இங்கே எழுத முடியாது. கிளட்ச்சும் சரியில்லை. பெடல் தரையை விட்டு எழும்பியதுமே வண்டி நகரத் தொடங்கிவிடுகிறது. ரிவர்ஸ் போட்டால் கியர்பாக்ஸ் கரகரவென்று அரைக்கிறது. என் ஷூ 10ஆம் எண், அதையும் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் மெக்கானிக் அம்பாசிடரில் பழுத்த கை. இரண்டு யோசனை சொல்கிறார். ஆக்சிலரேட்டர் கம்பியைச் சுடவைத்துக் கீழே வளைத்துவிடலாம் என்பது ஒன்று. மாஸ்டர் சிலிண்டருக்குள் (மிதித்ததும் ஆயிலை அழுத்தி அனுப்பும் சிலிண்டர்) போகும் புஷ்ராடை, அதாவது தள்ளுகம்பியை, அறுத்து, நடுவில் ஒரு துண்டு வைத்து வெல்டு அடித்து நீட்டினால் பிரேக்கும் கிளட்ச்சும் மேலே வந்துவிடும் என்பது இன்னொன்று. எதை முதலில் செய்யலாம்?

கணபதி லேத்

இரண்டையும் செய்யாதீர்கள். புஷ்ராடு நீட்டிக் கொடுப்பது என் லேத்தில் ஒரு டீ குடிக்கும் நேரத்து வேலை. கேட்டு வந்த சிலருக்கு முடியாது என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன், உங்களுக்கும் அதே பதில்தான்.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். பிரேக் மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டன், காலை எடுத்ததும் முழுவதுமாகப் பின்னால் வந்து உட்கார வேண்டும். அப்படி உட்கார்ந்தால்தான் சிலிண்டரையும் மேலே இருக்கும் ஆயில் தொட்டியையும் இணைக்கும் ஊசித்துளை போன்ற சின்ன வழி திறக்கும். மலை இறக்கத்தில் பிரேக் சூடாகும்போது குழாய்க்குள் இருக்கும் ஆயில் விரிகிறது. விரிந்த ஆயில் அந்த வழியாகத்தான் தொட்டிக்குத் திரும்பியாக வேண்டும். புஷ்ராடு நீளமாக இருந்தால் பிஸ்டன் பாதி வழியிலேயே நின்று துளையை மறைத்துக்கொள்ளும். ஆயில் போக இடமில்லாமல், டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் பேடை அழுத்தும். பேடு உரசும், சூடு ஏறும், ஆயில் இன்னும் விரியும், இன்னும் அழுத்தும். பெடலைத் தொடாமலேயே பிரேக் பிடித்துக்கொள்ளும்.

அதனால்தான் பெடலுக்கும் பிஸ்டனுக்கும் நடுவே கொஞ்சம் ஆட்டம் விட்டு வைத்திருக்கிறார்கள். பெடல் தட்டில் விரலை வைத்து அழுத்தினால் 3 மில்லிமீட்டர் அளவுக்கு எதிர்ப்பே இல்லாமல் போக வேண்டும். உங்கள் வண்டியின் புஷ்ராடில் மரையே கிடையாது, நீளம் மாறாதது. அதை நீட்டவே வேண்டாம் என்று நினைத்துத்தான் அப்படிச் செய்திருக்கிறார்கள்.

என் சந்தேகம் வேறு. உங்கள் ஆக்சிலரேட்டர் இருக்க வேண்டிய இடத்தில்தான் இருக்கிறது. பிரேக் பெடல்தான் அளவுக்கு மீறிக் கீழே இறங்கி அதன் மட்டத்துக்கு வருகிறது. வண்டியை நிறுத்திவைத்து ஒரு முறை மிதித்து, எங்கே கெட்டியாகிறது என்று பாருங்கள். காலை எடுத்து உடனே இரண்டாவது முறை மிதியுங்கள். உயரம் மாறுகிறதா? பிறகு காலை அழுத்தி வைத்தபடியே கொஞ்ச நேரம் உட்காருங்கள். மெல்ல இறங்குகிறதா? மூன்றையும் எழுதுங்கள், பிறகு பேசலாம்.

ஈரோடு ஹெரால்டு

அண்ணா சொல்வதோடு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். என்னிடம் இருப்பது சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு. ஸ்போர்ட்ஸ் கார் இல்லை என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் கார் பிறந்ததே ஹெரால்டின் அடித்தளத்திலிருந்துதான். இதற்கு ஒரு வசதி, பானெட் முழுவதையும் முன்பக்கமாகத் தூக்கி வைத்துவிட்டு டயர் மேலேயே உட்கார்ந்து வேலை பார்க்கலாம். எம்ஜிபியில் மாஸ்டர் சிலிண்டர்கள் இரண்டும் பெட்டிக்குள் மூடிக்கிடக்கும், அதனால் பலர் திறந்தே பார்ப்பதில்லை.

அந்த மூடியைக் கழற்றுங்கள். வீட்டில் யாரையாவது கிளட்ச் பெடலைக் கையால் மெதுவாக அழுத்தச் சொல்லிவிட்டு, டார்ச் அடித்து, புஷ்ராடின் கவை (இரண்டாகப் பிளந்த முனை) ஓர் இரும்புப் பின் வழியாகப் பெடலோடு சேரும் இடத்தை மட்டும் பாருங்கள். பெடல் நகர்ந்த பிறகும் புஷ்ராடு அசையாமல் நிற்கும் ஒரு கணம் இருக்கும். அந்தக் கணம் முழுக்க வீண். என் வண்டியில் பின்னைக் கழற்றியபோது நடுவில் இடுப்புப் போலக் குறுகித் தேய்ந்திருந்தது. பெடல் கையில் வட்டமாக இருக்க வேண்டிய துளை நீள்வட்டமாகியிருந்தது. புதுப் பின் மட்டும் போட்டால் பாதிதான் சரியாகும், துளையையும் கவனிக்க வேண்டும்.

இன்னொன்று, பெடலின் கையைத் தடவிப் பாருங்கள். பிசுபிசுப்பாக இருந்தாலோ, பெயின்ட் பட்டையாக உரிந்திருந்தாலோ, மாஸ்டர் சிலிண்டரின் பின்பக்க ரப்பர் போய்விட்டது என்று பொருள். பிரேக் ஆயில் போல பெயின்டைத் தின்னும் பொருள் வேறில்லை.

அம்பாசிடர் ஐயா

தம்பி, உங்கள் மெக்கானிக்கைக் குறை சொல்லிவிடாதீர்கள். அம்பாசிடரில் ஓடிய 1489 சிசி எஞ்சினும் உங்கள் வண்டியின் எஞ்சினும் ஒரே பி சீரிஸ் குடும்பம். உங்கள் வண்டிக்கு முன்னோடியான எம்ஜிஏவில் முதலில் இருந்ததும் அதே 1489தான். எஞ்சினைப் பொறுத்தவரை கொங்கு நாட்டில் எந்த ஊர்ப் பட்டறையிலும் அதற்கு வைத்தியம் தெரிந்த ஆள் கிடைப்பார். ஆனால் பழைய அம்பாசிடரின் மாஸ்டர் சிலிண்டர் ஓட்டுநரின் காலடியில், தரைக்குக் கீழே இருக்கும். பெடல் தரையிலிருந்து முளைத்து வரும். உங்கள் வண்டியிலோ பெடல் மேலிருந்து தொங்குகிறது. எஞ்சினில் இருக்கும் உறவு பெடலில் கிடையாது.

அந்தக் காலத்து பென்ட்லியில் ஆக்சிலரேட்டர் நடுவில் இருக்கும், பிரேக் வலது ஓரத்தில். அதை ஓட்டியவர்கள் யாரும் கம்பியைச் சுடவைக்கவில்லை, காலைப் பழக்கிக்கொண்டார்கள். இந்த மாதிரி வண்டிகளுக்கு மெல்லிய அடியுள்ள கான்வாஸ் ஷூ போதும். மலையேறப் போகிறவர் போல பூட்ஸ் போட்டுக்கொண்டு உட்கார்ந்தால் எந்தப் பெடலும் நெருக்கமாகத்தான் தெரியும்.

ஆழியாறு நாற்பது

ஐயா சொன்ன ஷூ விஷயம் சரி. ஆனால் பிரேக் இவ்வளவு இறங்குவதற்கு ஷூ பொறுப்பில்லை.

நான் அந்த 40 கொண்டை ஊசி வளைவுகளிலும் அடிக்கடி ஏறி இறங்குகிறவன். சூலூர்க்காரரே, அடுத்த முறை இறங்கும்போது ஆழியாறு வனத்துறைச் சோதனைச் சாவடி தாண்டியதும் ஓரமாக நிறுத்தி, நான்கு சக்கரத்துக்கும் அருகில் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். தொட வேண்டாம், டிஸ்க் தோலை உரித்துவிடும். முன் சக்கரங்கள் இரண்டும் ஒரே மாதிரி சூடாக இருக்க வேண்டும். பின் டிரம்கள் கிட்டத்தட்ட ஆறியே இருந்தால் அவை வேலையே செய்யவில்லை என்று கொள்ளலாம்.

வீடு வந்ததும் முன் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கிச் சுற்றிப் பாருங்கள். இறுக்கமாக இருந்தால் பிளீடு நிப்பிளை (ஆயிலையும் காற்றையும் வெளியே விடும் திருகு) கால் சுற்று திறங்கள். ஆயில் பீறிட்டு உடனே சக்கரம் லேசானால், கணபதி அண்ணா சொன்ன அந்தத் துளை அடைபட்டிருக்கிறது. நிப்பிளைத் திறந்தும் இறுக்கம் போகவில்லையென்றால், பேடை அழுத்தும் காலிப்பர் பிஸ்டனில் துரு. பல ஆண்டு நின்ற வண்டி என்கிறீர்கள், இரண்டுக்கும் வாய்ப்பு உண்டு.

செட்டிபாளையம் டிராக்

எல்லாரும் பிரேக்கையே பேசுகிறீர்கள். பிரேக்கும் ஆக்சிலரேட்டரும் அருகருகே இருப்பது குறையே இல்லை. நாங்கள் காரி மோட்டார் ஸ்பீட்வே ரேஸ் டிராக்கில் வண்டி ஓட்டும்போது காசு செலவழித்து அப்படி வைத்துக்கொள்கிறோம். பாதத்தின் முன்பகுதி பிரேக்கில், ஓரம் ஆக்சிலரேட்டரில். வளைவுக்கு முன் கியரைக் குறைக்கும்போது ஆக்சிலரேட்டரை ஒரு தட்டுத் தட்டி எஞ்சின் சுழற்சியை ஏற்றிக்கொண்டால் கிளட்ச்சை விடும்போது வண்டி குலுங்காது. 1967க்கு முந்தைய எம்ஜிபியில் முதல் கியருக்கு சின்க்ரோமெஷ் (கியர்களின் வேகத்தைத் தானே ஒன்றாக்கும் அமைப்பு) கிடையாது என்பதையும் மறக்க வேண்டாம். வளைவில் முதலாவதுக்கு இறங்க வேண்டி வந்தால் அந்தத் தட்டு இல்லாமல் கியர் விழாது.

கணபதி லேத்

தம்பி, நீங்கள் சொல்வது நியாயம்தான், ஆனால் அது அடுத்த கட்டம். அருகருகே இருப்பது வேறு, ஒரே மட்டத்துக்கு இறங்கி வருவது வேறு. முழு பலத்தோடு பிரேக் மிதித்த நிலையில், பிரேக் தட்டு ஆக்சிலரேட்டர் தட்டைவிடக் கொஞ்சமாவது உயரத்தில் நிற்க வேண்டும். அப்போதுதான் ஓட்டுகிறவன் விரும்பினால் மட்டும் ஆக்சிலரேட்டரைத் தொட முடியும். இவர் வண்டியில் விரும்பாமலேயே தொடுகிறது. மாடு குறுக்கே வந்து பதறி மிதிக்கும்போது பெடல் இன்னும் ஒரு விரற்கடை இறங்கும், அதையும் கணக்கில் வையுங்கள்.

சூலூர்க்காரன்

கேட்டபடியே பார்த்தேன். முதல் மிதியில் பெடல் பாதிக்கும் கீழே போய்த்தான் கெட்டியாகிறது. உடனே இரண்டாவது முறை மிதித்தால் நன்றாக மேலேயே நிற்கிறது. அழுத்தி வைத்திருந்தால் இறங்கவில்லை. பஞ்சு போன்ற உணர்வும் இல்லை.

மூடியைத் திறந்தேன். ஈரோட்டு அக்கா சொன்னது அப்படியே இருந்தது. கிளட்ச் பின்னைச் சுழற்றிக் கழற்ற வேண்டியிருந்தது, நடுவில் படி விழுந்திருந்தது. விரல் நுனியால் தடவினாலே பள்ளம் தெரிகிறது. பிரேக் பக்கத்துப் பின் அவ்வளவு மோசமில்லை. இரண்டு பெடலும் தொங்கும் குறுக்குப் போல்ட்டில் புஷ் (துளைக்குள் இருக்கும் உலோக வளையம்) தேய்ந்து, பெடல்கள் பக்கவாட்டில் ஆடுகின்றன. பிரேக் பெடலைக் கையால் வலப்பக்கம் தள்ளினால் ஆக்சிலரேட்டரை நோக்கிச் சாய்கிறது. பெடல் கையில் ஈரம் இல்லை, பெயின்ட் அப்படியே இருக்கிறது.

கணபதி லேத்

கதை தெரிந்துவிட்டது. இரண்டாவது மிதியில் உயர்கிறது என்றால், முதல் மிதி முழுக்க தேய்மான இடைவெளியை நிரப்பவே செலவாகிறது. மாஸ்டர் சிலிண்டர் நன்றாக இருக்கிறது, காற்றும் இல்லை. முன் டிஸ்க் தானே சரிசெய்துகொள்ளும். பின் டிரம் அப்படியில்லை, ஆள்தான் சரிசெய்ய வேண்டும். பின்தட்டில் சதுரத் தலையோடு ஓர் அட்ஜஸ்டர் துருத்திக்கொண்டிருக்கும். சக்கரத்தைத் தூக்கி, ஹேண்ட் பிரேக்கை விட்டுவிட்டு, சக்கரம் பூட்டிக்கொள்ளும் வரை அதைத் திருகி, சுதந்திரமாகச் சுற்றும் வரை மட்டும் பின்வாங்குங்கள். சாதாரண ஸ்பேனரால் திருகினால் மூலை மழுங்கிவிடும். சதுரச் சாவி வாங்குங்கள், முந்தின நாள் இரவே துரு எண்ணெய் ஊற்றி வையுங்கள். முன் சக்கர பேரிங்கில் ஆட்டம் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். இருந்தால் வளைவில் டிஸ்க் அசைந்து பேடைப் பின்னால் தள்ளிவிடும், அப்போதும் முதல் மிதி ஏமாற்றும்.

பிறகு பெடலைக் கழற்றி என்னிடம் கொண்டுவாருங்கள். கிளட்ச் பின் 5/16 அங்குலம். துளையைப் பெரிதாக்கிப் பெரிய பின் போடுவது ஒரு வழி, எனக்குப் பிடிக்காத வழி. அடுத்த முறை தேய்ந்தால் எங்கே போவது? துளையை உருண்டையாகக் கடைந்து, புஷ் அடித்து, பழைய அளவுக்கே ரீமர் விட்டுத் தருகிறேன். புஷ்ராடின் கவையில் துளை தேய்ந்திருந்தால் கவையோடு சேர்ந்த புதுப் புஷ்ராடையே பின்னோடு சேர்த்துத் தருவித்துவிடுங்கள். குறுக்குப் போல்ட்டுக்கு கன்மெட்டல் புஷ் கடைந்துவிடலாம், அது நம் ஊரில் பஞ்சமில்லாத சரக்கு. பிரேக் பெடலின் கையில் மட்டும் யாரையும் வெல்டு அடிக்க விடாதீர்கள்.

பெடலின் இழுப்பு ஸ்பிரிங்குகளையும் பாருங்கள். துருப்பிடித்துத் தளர்ந்திருந்தால் பெடல் மேலே நிற்காது.

ஈரோடு ஹெரால்டு

கீழேயும் ஓர் இடம் இருக்கிறது. கியர்பாக்ஸ் பக்கத்தில், கிளட்ச் ஆயிலின் அழுத்தம் போய்ச் சேரும் ஸ்லேவ் சிலிண்டர் தள்ளும் கவையிலும் இதே மாதிரி ஒரு பின் உண்டு. மேலே அத்தனையும் புதிதாக்கிவிட்டுக் கீழே மறந்தால் பாதி ஆட்டம் அப்படியே இருக்கும்.

ஆழியாறு நாற்பது

கிளட்ச் சரியான பிறகு இடது காலை அதன் மேல் ஓய்வாக வைக்கும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். இந்த வண்டியில் கிளட்ச்சை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங் குண்டு பேரிங் அல்ல, கார்பன் வளையம். உரச உரசக் கரைந்துகொண்டே இருக்கும், மாற்ற வேண்டுமானால் எஞ்சினைத்தான் வெளியே தூக்க வேண்டும். கால் வைக்க இடம் இல்லை என்று எல்லாரும் குறை சொல்கிறார்கள், உண்மைதான். கிளட்ச்சுக்கு இடப்புறம் தரையில் இருக்கும், ஹெட்லைட்டைத் தாழ்த்தும் டிப் சுவிட்ச்சுக்குப் பின்னால் குதிகாலை ஊன்றிக்கொள்கிறேன், அது போதுமானதாக இருக்கிறது.

சூலூர்க்காரன்

நிலவரம் சொல்கிறேன். பின் டிரம் அட்ஜஸ்டர் இடப்பக்கம் எளிதாகத் திரும்பியது. வலப்பக்கம் பிடிவாதம் பிடித்துக் கடைசியில் வழிக்கு வந்தது. அதைச் செய்ததிலேயே பிரேக் பெடல் உயர்ந்துவிட்டது. கணபதி அண்ணா பெடல்களுக்குப் புஷ் போட்டுக் கொடுத்தார், பின்னும் புஷ்ராடும் வெளிநாட்டிலிருந்து வந்து சேர்ந்தன. சுங்க வரி பின்னின் விலையைப் பார்த்துச் சிரித்தது.

கிளட்ச் இப்போது பாதி உயரத்தில் பிடிக்கிறது. ரிவர்ஸ் சத்தமில்லாமல் விழுகிறது. பெடல்கள் பக்கவாட்டில் அசைவதில்லை. பிரேக்கை முழு பலத்தோடு மிதித்தாலும் ஷூ ஆக்சிலரேட்டரைத் தொடவில்லை. மெக்கானிக்கும் வந்து பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் தலையாட்டினார்.

ஆனால் இப்போது எதிர்த் தொல்லை. ஆக்சிலரேட்டர் எங்கோ பள்ளத்தில் கிடக்கிறது. செட்டிபாளையம் நண்பர் சொன்ன அந்த ஆக்சிலரேட்டர் தட்டல் எனக்கு எட்டவே எட்டாது போலிருக்கிறது. தவிர, மேட்டில் முழுவதும் அழுத்தினாலும் வண்டிக்கு மூச்சு முட்டுகிறது.

செட்டிபாளையம் டிராக்

இப்போது என் முறை. மூச்சு முட்டுவதை முதலில் பாருங்கள். எஞ்சினை அணைத்துவிட்டு, ஒருவர் ஆக்சிலரேட்டரைத் தரை வரை மிதிக்கட்டும். நீங்கள் ஏர் ஃபில்டரைக் கழற்றிவிட்டு இரண்டு கார்புரேட்டரின் தொண்டைக்குள்ளும் பாருங்கள். பிஸ்டனை விரலால் தூக்கினால் பின்னால் இருக்கும் பட்டாம்பூச்சித் தகடு தெரியும். அது காற்றோட்டத்துக்கு நேராக, படுத்த நிலையில் இருக்க வேண்டும். சாய்ந்து நின்றால் கேபிளில் தளர்ச்சி இருக்கிறது, அல்லது பெடலுக்கு அடியில் ஏதோ தடுக்கிறது. தளர்ச்சியை எடுக்கும்போது முழுவதும் எடுத்துவிடக் கூடாது. காலை எடுத்த நிலையில் கேபிள் விறைப்பாக இருந்தால் ஐடிலிங் ஏறிவிடும். முழுவதும் மிதித்த நிலையில் பெடல் தரையில் முட்டி நிற்க வேண்டும், கேபிளைப் பிடித்துத் தொங்கக் கூடாது. அப்படித் தொங்கினால் என்றைக்காவது மலைமேல் அறுந்துபோகும்.

உயரத்துக்கு, ஆக்சிலரேட்டர் தட்டின் மேல் ஒரு கட்டை. கம்பியை வளைக்கும் பேச்சே வேண்டாம். கட்டை பிடிக்கவில்லையென்றால் கழற்றிவிடலாம், வளைத்த கம்பியை நிமிர்த்தினால் பழைய வலு வராது. பிரேக்கை நன்றாக அழுத்திய நிலையில் பிரேக் தட்டுக்கும் கட்டைக்கும் உள்ள உயர வித்தியாசத்தை உங்கள் சொந்த ஷூவோடு உட்கார்ந்து அளந்து பாருங்கள். அதுவும் சீட்டை நீங்கள் ஓட்டும் இடத்தில் தள்ளி வைத்த பிறகு. மற்றவன் வண்டியின் அளவு உங்களுக்கு உதவாது.

அம்பாசிடர் ஐயா

கட்டை வைப்பது சரி. அது கழன்று பிரேக் பெடலுக்கு அடியில் உருண்டால்?

செட்டிபாளையம் டிராக்

பசை வைத்து ஒட்டினால் உருளும் ஐயா. துளை போட்டு ஸ்குரூ முடுக்கி, பின்பக்கம் அதிர்வில் கழலாத நைலாக் நட் போட்டால் உருளாது.

சூலூர்க்காரன்

மூச்சு முட்டிய காரணம் கண்டுபிடித்தாகிவிட்டது. காலடியில் பொள்ளாச்சியில் வாங்கிய தேங்காய் நார் மிதியடி போட்டிருந்தேன், கனமானது. ஆக்சிலரேட்டர் அதில் முட்டிப் பாதியிலேயே நின்றிருக்கிறது. அதை எடுத்ததும் இரண்டு தகடும் முழுவதும் படுக்கின்றன. மிதியடி இப்போது வீட்டு வாசலில் கிடக்கிறது.

ஈரோடு ஹெரால்டு

மிதியடி இல்லாவிட்டால் அந்தக் காலடிச் சூட்டில் பாதம் வெந்துவிடும். மெல்லிய ரப்பர் விரிப்பை வெட்டி, பெடலுக்கு அடியில் மட்டும் திறந்து விட்டுப் போடுங்கள். நகராதபடி நான்கு மூலையிலும் பிரஸ் பட்டன் வைத்துவிடுங்கள். பிரேக்குக்கு அடியில் சுருண்டுகொள்ளும் மிதியடி, தேய்ந்த பின்னைவிட மோசம்.

ஆழியாறு நாற்பது

இறங்கும்போது இந்தத் தட்டு வித்தையெல்லாம் எதற்கு என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. வளைவு வருவதற்கு நெடுந்தூரம் முன்பே இரண்டாவது கியருக்கு வந்துவிட்டால் எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். எதிரே ஏறி வரும் பஸ்ஸுக்கு வழிவிட்டு நிற்க வேண்டிய ரோட்டில் டிராக் பழக்கம் தேவைதானா?

செட்டிபாளையம் டிராக்

தேவையில்லை, ஆனால் சுகம். அதற்காகத்தானே எல்லாரும் இந்தப் பழைய இரும்பை வைத்துக்கொண்டு மாரடிக்கிறோம்?

சூலூர்க்காரன்

கட்டை போட்டுப் பார்க்க முடிவு செய்துவிட்டேன். தேக்கிலா, அலுமினியத்திலா? தடிமன் எவ்வளவு?

கணபதி லேத்

அலுமினியம். தேக்கு அழகாக இருக்கும், மழையில் நனைந்த ஷூவுக்கு வழுக்கும். தடிமனை நீங்கள் சொல்லாதீர்கள், நானும் சொல்லப் போவதில்லை. மெல்லிய பிளைவுட் துண்டுகளை அடுக்கி, டேப் சுற்றி, வண்டியை நிறுத்திவைத்தே பிரேக்கை மிதித்துப் பாருங்கள். கால் பிரேக்கில் முழுக்க அழுந்தியிருக்கும்போது தானாகத் தொடக் கூடாது, பாதத்தை வலப்பக்கம் கொஞ்சம் சாய்த்தால் தொட வேண்டும். அந்த உயரம் கிடைத்ததும் துண்டுகளை எண்ணி எடுத்து வாருங்கள். அப்படியே ரோட்டில் ஓட்டிப் பார்க்கும் வேலை வேண்டாம்.

பிரேக்கை ஒட்டிய பக்கத்து விளிம்பைச் சரிவாகச் சீவிவிடுகிறேன், ஷூ மாட்டாது. மேலே குறுக்கே கோடு வெட்டிவிட்டால் பிடிப்பு இருக்கும். ஸ்குரூ தலை உள்ளே அமுங்கும்படி துளை போட வேண்டும். வெள்ளிக்கிழமை மதியத்துக்கு மேல் வாருங்கள், காலையில் பம்ப் வேலை இருக்கிறது. வண்டியிலேயே வாருங்கள், அந்த ஷூவையே போட்டுக்கொண்டு.